மதிலோரமாய் இரண்டாம் கியரில்

கொட்டாஞ்சேனை,
செப்ரெம்பர் 8, 1996.

என் அன்புள்ள கிளெமென்ற்,

இந்தத் தாளின் தலையில் நான் பிள்ளையார் சுழி போட்டேன். பக்கத்தில் நின்ற மாமி என் கையைப் பிடித்து நிறுத்தி, அதற்கருகே ஒரு சிலுவையும் கீறிவிட்டா. இரண்டு பேருடைய காவலோடும் இந்தக் கடிதம் உங்களிடம் வருகிறது. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமி சாப்பிடுகிறா. என் பிள்ளைக்கு அங்கே என்ன தருகிறார்களோ என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறா.

கடிதங்களைச் சிறையில் வாசித்துப் பார்த்த பிறகுதான் உங்கள் கையில் தருவார்களாம். வழக்கறிஞர் கனகசபாபதி சொன்னார். வீட்டுக் காரியங்களை மட்டும் எழுதச் சொன்னார். எங்கள் வீட்டுக் காரியத்தில் பாதி கார்தான் என்பது அவருக்குத் தெரியாது.

கார் திரும்பி வந்துவிட்டது. அதோடு ஒரு சாக்கில் கட்டி, உங்களைக் கொண்டுபோன அன்று காலை கொட்டிலிலிருந்து எடுத்துப்போன சாமான்களையும் தந்தார்கள். ஒயில் கூலர், இரண்டு நீளக் குழாய்கள், சூடு காட்டும் மீற்றர், அதன் கம்பிகள். எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்தாயிற்றாம், ஆபத்தானது ஒன்றுமில்லையாம். சாமான்களைத் தந்தவரிடம், அப்படியானால் அவற்றை வைத்திருந்த மனிதரையும் தரலாம்தானே என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று அந்த அதிகாரி உங்களிடம் கேட்ட கேள்வி என் காதிலேயே நிற்கிறது. காற்றில் குளிரும் எஞ்ஜின் என்கிறாய், தண்ணீரே இல்லை என்கிறாய், பிறகு இந்தக் குழாயும் டப்பாவும் எதற்கு என்றார். நல்ல கேள்விதான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: பழைய போர்ஷே, சிலிண்டர்களைப் பெருப்பித்திருக்கிறேன், பலம் கூடினால் சூடும் கூடும், அந்தச் சூட்டில் பாதியை ஒயில்தான் சுமக்கிறது, அதைக் காருக்கு முன்னால் கொண்டுபோய் ஆறவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று. அவர் முடியும்வரை கேட்டார். கேட்டுவிட்டு உங்களை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

போன கிழமை உங்களைப் பார்க்க பஸ்ஸில் புறப்பட்டேன். பாலத்தடிச் சோதனையில் இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னோடு இன்னும் சிலர். ஒவ்வொருவராகக் கேட்டு முடிப்பதற்குள் பார்வையாளர் நேரம் போய்விட்டது. கொண்டுவந்த சோற்றை அங்கேயே ஒரு நாய்க்கு வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இனிக் காரில்தான் வருவேன். ஹெந்தளையிலிருந்து உங்கள் ஒஸ்வால்ட் வந்து பார்த்தார். மலையேற்றக் கார்ப் போட்டிகளுக்கெல்லாம் உங்களோடு கூட வந்த ஆள், தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கூலர் பூட்டாமல் இந்த எஞ்ஜினைச் சோதனைச் சாவடி வரிசையில் நிறுத்தினால் தெகிவளை தாண்டாது என்கிறார். நான் ஒருமுறை ஓடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கொண்டுபோகப்பட்டதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. கை வலிக்கிறதென்றால் இரண்டு வரி போதும். நன்றாக இருங்கள்.

உங்கள்
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை,
ஒக்ரோபர் 13, 1996.

என் அன்புள்ள கிளெமென்ற்,

மேலே வெள்ளவத்தை என்றிருப்பதைப் பார்த்து யோசிக்க வேண்டாம். அப்பா வீட்டில் இருக்கிறேன். அதாவது, கார் அப்பா வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அதனால் நானும் இருக்கிறேன். மாமிக்குத் துணையாக அடுத்த வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் வந்து படுக்கிறா.

நடந்தது இதுதான். விடிந்தும் விடியாத நேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. காலி வீதி நனைந்து, ஆளில்லாமல், அப்போதுதான் யாரோ விரித்துவிட்ட பாய் போலக் கிடந்தது. கொள்ளுப்பிட்டி தாண்டியதும், வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வோர் ஒழுங்கை முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்தது. ஒரு துண்டு சாம்பல், அடுத்தது வெள்ளி, அதற்கடுத்தது பச்சை. கார் ஓடவில்லை, நான் ஓட்டவில்லை, அந்தக் கடல் துண்டுகள்தான் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகின்றன என்று ஒரு மயக்கம். புறப்படுமுன் பூட்டிக்கொண்ட சூடு மீற்றரின் முள் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. எஞ்ஜினுக்குள்ளே ஒயில் எங்கெங்கே போய் வருகிறதென்று எண்ணிக்கொண்டே வந்தேன். அடியிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து தண்டின் துளைகளுக்கு, அங்கிருந்து சொட்டுச் சொட்டாய்த் திரும்பவும் அடிக்கு. தான் தொட்ட ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு. நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவது போலவே இருந்தது. பம்பலப்பிட்டி வரைக்கும் நான் உண்மையிலேயே பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை. பார்க்காதவரை நீங்கள் அதில் இருந்தீர்கள்.

வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்தடியில் வரிசை. ஒவ்வொரு வாகனமாகத் திறந்து பார்க்கிறார்கள். ஓர் அடி போவதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். எஞ்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று வராது. முள் நூறு, நூற்றிப்பத்து, நூற்றியிருபது. பிறகு ஒயில் விளக்கு மினுக்கி மினுக்கி எரியத் தொடங்கியது. சூட்டில் ஒயில் தண்ணீராகிவிட்டது, அமுக்கம் விழுகிறது என்று தெரிந்தது. வரிசையை விட்டு விலகினால் சந்தேகப்படுவார்கள். கையை வெளியே நீட்டி, அங்கே நின்ற சிப்பாய்க்குச் சைகை காட்டி, மெல்லத் திரும்பி அப்பாவின் ஒழுங்கைக்குள் விட்டேன். வீட்டு வாசலில் எஞ்ஜினை நிறுத்தினேன்.

அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் காரை அவர் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றி வந்து பார்த்தார். "இதென்ன பிள்ளை, இப்பிடி எரிஞ்சு மணக்குது?" என்றார். ஒயில் சூடாகிவிட்டது என்றேன். "எங்கை போறதுக்கு வெளிக்கிட்டனி?" என்றார். சொன்னேன். "தனியவோ?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற இந்த வருடங்களில் அவர் தன் கையால் தேத்தண்ணி ஊற்றி நான் கண்டதில்லை.

மறுநாள் ஒஸ்வால்ட் வந்தார். பின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவுடனேயே, "கடவுளே, றப்பர் எங்க?" என்றார். எஞ்ஜினைச் சுற்றி, அதன் தகட்டுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு றப்பர் பட்டி இருக்குமே, அது முழுதாக இல்லை. அதற்குள் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறதா என்று சோதித்தவர்கள் இழுத்து எடுத்திருப்பார்கள். திருப்பிப் பூட்ட அவர்களுக்கு என்ன கவலை. கீழே புகைக்குழாயடியில் இருக்கிற கொதிகாற்றெல்லாம் அந்த இடைவெளியால் மேலே வந்து, காற்றாடி அதையே திரும்ப உறிஞ்சியிருக்கிறது. "தன்ர மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா, பாவம்," என்றார் ஒஸ்வால்ட். அவருக்குக் கார் எப்போதும் பெண்தான்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. அப்பா கண்டுகொள்ளாததுபோல் மழைபெய்யுமா என்று வானத்தைப் பார்த்தார்.

புறக்கோட்டையில் மர்ஸூக் கடையில் புது றப்பரும், குழாய்களுக்குப் பிடிகளும் கிடைத்தன. மின்வெட்டு இல்லாத நேரங்களாகப் பார்த்து நாங்கள் மூவரும் வேலை செய்தோம். கூலரை முன் பம்பருக்குப் பின்னால், நீங்கள் துளை போட்டு வைத்திருந்த இடத்திலேயே பூட்டினோம். குழாய்களைக் காரின் அடிவயிற்றோடு கொண்டுவந்து எஞ்ஜினில் சேர்த்தோம். ஒயில் எண்பத்தைந்து பாகைக்குச் சூடேறிய பிறகே முன்னால் போகும்படி திறக்கிற அந்தச் சின்ன வால்வை எந்தப் பக்கமாக வைப்பது என்று ஒஸ்வால்டும் நானும் ஒரு பின்னேரம் முழுதும் தர்க்கப்பட்டோம். ஆரம்பத்திலேயே ஆறவிட்டால் ஒயில் ஒருநாளும் தன் சூட்டுக்கு வராது, உள்ளே ஈரம் தங்கிப் பால்போலத் திரைந்துவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்ததால் நான்தான் வென்றேன்.

இப்போது ஓடுகிறது, கிளெமென்ற். நீங்கள் அந்த அதிகாரிக்குச் சொன்னதெல்லாம் உண்மையாகி ஓடுகிறது. கனகசபாபதியிடம் சொன்னேன். வாகனப் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டி, எழுத்தில் வாங்க ஏற்பாடு செய்கிறாராம்.

அடுத்த மாதம் வருகிறேன். தனியாக அல்ல. அப்பாவும் வருகிறார். நான் கேட்கவில்லை. அவரே, "மீற்றரையும் பாத்து றோட்டையும் பாத்து எப்பிடி ஓடுவாய்? மீற்றரை நான் பாக்கிறன்," என்றார்.

இன்னும் உங்கள் கடிதம் இல்லை. தபால் தாமதம் என்று மாமிக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் உங்களுக்காக மெழுகுதிரி எரிகிறது. பசியில்லாமல், நோயில்லாமல் இருங்கள்.

உங்கள்
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை,
நவெம்பர் 17, 1996.

என் அன்புள்ள கிளெமென்ற்,

வந்தோம். உங்கள் வாசல் வரைக்கும் வந்தோம். இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

அப்பா வெள்ளைச் சேட் போட்டு, பழைய கோட்டையும் மாட்டி, விபூதியும் பூசிக்கொண்டு ஏறினார். இவ்வளவு பதிந்த இருக்கையில் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. ஆனாலும் மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரயில் வருவதை அறிவிக்கிறமாதிரி, "எழுபது. ஏறுது," "எண்பத்தஞ்சு," "தொண்ணூறு. நிக்குது பிள்ளை, அப்பிடியே நிக்குது," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல்கிசை தாண்டி வெளிச்சம் வந்தபோது தென்னைகளுக்கு நடுவே கடல் நீலமாக எழுந்தது. ஒரு ரயில் எங்களோடு கூடவே கொஞ்சத் தூரம் ஓடியது. கதவுகளில் தொங்கியவர்கள் காரைப் பார்த்துக் கை காட்டினார்கள். அப்பாவும் கை காட்டினார். நாடு முழுக்க நித்திரையாகி, அந்த நித்திரைக்குள் நாங்களும் அந்த ரயிலும் மட்டும் விழித்து ஓடுகிற மாதிரி இருந்தது.

முதல் பெரிய சோதனைச் சாவடியில் விழித்துக்கொண்டோம். முன் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். இளம் அதிகாரி ஒருவர் கூலரையும் குழாய்களையும் கண்டதும் மற்றச் சிப்பாய்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. உங்களைக் கொண்டுபோனதும் இதே சாமானுக்குத்தான். வேறு வழி தெரியவில்லை. வகுப்பெடுக்கிற குரலில், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினேன். எஞ்ஜின் பின்னால் இருக்கிறது, இந்தக் குழாயால் சூடான ஒயில் வருகிறது, இந்தத் தகடுகளுக்கூடாகக் காற்றுப் போகிறது, அந்தக் குழாயால் ஆறித் திரும்புகிறது. நம்பாவிட்டால் தொட்டுப் பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு புறங்கையால் முதல் குழாயைத் தொட்டுச் சட்டென்று எடுத்தார். மற்றதைத் தொட்டார். அதில் கை கொஞ்சம் கூட நேரம் நின்றது. திரும்பவும் முதலாவதைத் தொட்டார். அவருடைய முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் வந்தது. "ஆ, றேடியேற்றர் எகக்!" என்றார். ஓம், ஒயிலுக்கு ஒரு றேடியேற்றர். அதைத்தான் உங்களிடம் கேட்டவரும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அன்று அது சூடில்லாமல் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. அவரையும் என்ன சொல்ல.

அதற்கடுத்த பாலத்தில் வரிசை நீளம். "நூற்றிப்பத்து, பிள்ளை," என்றார் அப்பா. எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளினோம். நான் கதவோரம் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, அப்பா பின்னால் கோட்டோடு. வரிசை நகர நகரத் தள்ளினோம். ஒரு சிப்பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தான். அப்பா அவனிடம் எந்த ஊர் என்று கேட்டார். அவன் தூரத்தில் ஏதோ ஓர் ஊரைச் சொன்னான். அங்கே மழையாம், வயல் நல்லாயிருக்காம். பாலம் முடியும்வரை இருவரும் மழையைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

உங்கள் வாசலுக்கு நேரத்தோடே வந்தோம். ஆனால் கார்களை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. ஓட்டுபவர் இறங்கவும் கூடாது, எஞ்ஜினை நிறுத்தவும் கூடாது என்றார்கள். நான் இருக்கையிலேயே இருந்தேன். அப்பா உங்களுக்குக் கொண்டுவந்த பார்சலைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போனார். அவர் கதைப்பது எனக்குக் கேட்கவில்லை. காவலன் தலையை ஆட்டுவது தெரிந்தது. உள்ளே ஏதோ பிரச்சினையாம், இன்றைக்கு ஒருவரையும் பார்க்க விடமாட்டார்களாம். அப்பா போகவில்லை. நின்றார். வெயில் ஏறியது, முள்ளும் ஏறியது, அவர் நின்றார். பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அவருடைய குரல் ஒருமுறை கேட்டது. "மகே பேனா," என்றார். சிங்களத்தில் 'என் மருமகன்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழில் ஒருநாளும் சொல்லாததை அந்த மனிதர் சிங்களத்தில், முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சொன்னார். நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

காவலன் பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வெறுங்கையோடு வந்தான். ஆள் உள்ளேதானே இருக்கிறார் என்று அப்பா கேட்டாராம். பார்சலை எடுத்தேன்தானே என்றானாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். அதில் இரண்டு சேட், ஒரு சாரம், மாமி சுட்ட கேக், வேப்பம்பூ வடகம். வந்து சேர்ந்ததா?

அப்பா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். மீற்றரைப் பார்த்து, "நூற்றிப்பதினெட்டு," என்றார். கண் மறைத்தது. அவர் முன்னால் கை நீட்டிக் காட்டினார். வாசலைத் தாண்டி மதிலோரமாக ஒரு ஒழுங்கை போகிறது. சனங்கள் சைக்கிளில் போய்வருகிற பொது வழி. "உதாலை போ," என்றார். "காத்தாடி நல்லாச் சுத்தினால்தானே ஒயில் ஆறும்? இரண்டாம் கியரிலை விட்டுக் குடு, மகள். நல்லாக் குடு."

குடுத்தேன், கிளெமென்ற். இதை முதலில் வாசிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் சொல்கிறேன்: ஒயில் மெய்யாகவே கொதித்துக்கொண்டிருந்தது. நாலாயிரம் சுற்றுக்கு ஏற்றினேன். அந்த மதிலில் சத்தம் மோதித் திரும்பி, தென்னைகளுக்குள் போய், மறுபடி வந்தது. காவல் கோபுரத்தில் நின்றவன் எட்டிப் பார்த்தான். அப்பா கண்ணாடிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஒயில் றத் வெலா, மஹத்தயா! ஒயில் றத் வெலா!" என்று, ஒயில் சூடாகிவிட்டது ஐயா என்பதைச் சிங்களத்தில் கத்தினார். அவன் கையை அசைத்தான். போகச் சொன்னானோ, சரியென்று சொன்னானோ. ஒழுங்கை முடிவில் திருப்பிக்கொண்டு மறுபடியும் வந்தேன். அந்த நேரம் எனக்குப் பயமில்லை. மதில் ஒரு துணிபோல மெல்லிதாகி, அதற்கு அந்தப் பக்கம் நீங்கள் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே தெரிந்தது. "நூற்றியஞ்சு. இறங்குது," என்றார் அப்பா. "நூறு." மீற்றர் கண்ணாடியை விரலால் துடைத்தார். "தொண்ணூற்றெட்டு, பிள்ளை."

வீடு வரும்வரை அப்பா இலக்கங்களை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பரிசோதகர் எழுதித் தந்துவிட்டார். கனகசபாபதி அதை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார். வழக்குத் தவணை தை மாதத்தில் வரலாம் என்கிறார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை. மாமிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உங்களை நான் கண்ணால் காணவில்லை என்பதை மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் முறை மதிலின் நடுவே வரும்போது எஞ்ஜினில் ஒரு சின்னத் தட்டல் கேட்டது. கூரையில் ஒரு விரலால் தட்டுகிற மாதிரி. சூடு இறங்க அதுவும் போய்விட்டது. எஞ்ஜினோடு சேர்ந்த பழைய சின்னக் கூலருக்குப் பின்னால் காற்றுக் குறைவாகக் கிடைக்கிற மூன்றாம் சிலிண்டராக இருக்குமோ என்று யோசிக்கிறேன். ஒஸ்வால்டிடம் சொன்னால், காதால் கேட்காமல் தன்னால் சொல்ல முடியாது என்கிறார். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டிருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

நீளமாக ஒன்றும் எழுத வேண்டாம். சுகமா என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு தபால் அட்டையில் எந்தச் சிலிண்டர் என்று அந்த ஒரு இலக்கத்தை மட்டும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. அது வரும்வரை எஞ்ஜினில் ஒருவரையும் கை வைக்க விடமாட்டேன்.

உங்கள்
ஜெகதி